ஒரு வேகனுக்காக நின்ற ரயில்

அமெரிக்கச் சிறுவர்களின் பொம்மை ரயில்களில் 1955இல் ஒரு புதுப் பெட்டி வந்து சேர்ந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டை. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ‘ஸ்டேட் ஆஃப் மெய்ன் புராடக்ட்ஸ்’. லயனல் கம்பெனி செய்த அந்தப் பெட்டியை வைத்து விளையாடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் மெய்ன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நாட்டின் வடகிழக்குக் கோடியில், மூன்று பக்கமும் கனடா சூழ, காடும் ஏரியுமாகக் கிடக்கிற மாநிலம் அது. அங்கிருந்து வெளியுலகத்துக்கு வந்தவை முக்கியமாக இரண்டு: உருளைக்கிழங்கும் காகிதமும். இரண்டையும் சுமந்துகொண்டு ஓடிய நிஜப் பெட்டியின் நகல்தான் அந்தப் பொம்மை.

நிஜப் பெட்டிக்குச் சொந்தக்காரர், பேங்கர் அண்ட் அரூஸ்டூக் என்ற ரயில் கம்பெனி. பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் மாதிரியான ராட்சத கம்பெனிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் சுண்டைக்காய். ஆனால் அமெரிக்க ரயில் பிரியர்கள் கூடுகிற இடத்தில் இதன் பெயரை எடுத்துவிட்டால் பேச்சு லேசில் முடியாது. எந்த வருடம் எந்த இன்ஜின் எந்த வளைவில் நின்றது என்பது வரைக்கும் போகும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு ஊருக்கு வந்து நிற்கும். மில்லினாக்கெட். கட்டாடின் மலையடிவாரத்தில், பெனாப்ஸ்காட் நதியின் மேற்குக் கிளையோரம் இருக்கிற பேப்பர் மில் ஊர்.

இதையெல்லாம் வெறும் இன்ஜின் பைத்தியம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊர்க்காரர்களும் அந்த ரயிலில் வேலை பார்த்தவர்களும் எதை நினைத்து ஏங்குகிறார்கள் என்று கிட்டப்போய்ப் பார்த்தால் கையில் கிடைப்பது ஒரு தொழில் முறை. ஒரே ஒரு வேகன் சரக்கு இருந்தாலும் வாசல்வரை வந்து எடுத்துப்போகிற ரயில். நம் ஊர்ச் சின்ன ஸ்டேஷன்களின் குட்ஸ் ஷெட்டில், மாலை வண்டி ஒற்றை வேகனைக் கழற்றி விட்டுப்போன காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். எண்பதுகளில் இந்திய ரயில்வேயும் முழு ரேக் சரக்கு இருந்தால்தான் வண்டி என்ற வழிக்குப் போய்விட்டது. மெய்னில் அந்த முறை எப்படி வளர்ந்தது, எதனால் நொடித்தது என்பதுதான் மில்லினாக்கெட்டின் கதை.

ரயில் முதலில், ஊர் கடைசியில்

வழக்கமாக ஊர் இருக்கும், அங்கே ரயில் வரும், பிறகு ஆலை வரும். மில்லினாக்கெட்டில் எல்லாம் தலைகீழ். 1891இல் தொடங்கிய பேங்கர் அண்ட் அரூஸ்டூக், பிரௌன்வில்லிலிருந்து வடக்கே காட்டைப் பிளந்து பாதை போட்டு, 1894 பிறந்தபோது ஹூல்டன் ஊரை எட்டியது. அவர்கள் குறி காகிதம் கிடையாது. அரூஸ்டூக் மாவட்டத்து மண் உருளைக்கிழங்குக்கென்றே வாய்த்த மண். அங்கே விளைந்ததை பாஸ்டன் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், அதுவரை கனடாவுக்குள் நுழைந்து சுற்றித்தான் வர வேண்டும். சொந்த மண்ணிலேயே நேர்வழி போட வேண்டும் என்பதுதான் கம்பெனியின் கனவு. அந்த வழி நடுக்காட்டில் மேற்குக் கிளை ஆற்றை ஒட்டிப் போனது தற்செயல்.

அந்தத் தற்செயலைச் சரியாகப் பார்த்தவர் சார்லஸ் முல்லன் என்ற பொறியாளர். ஏரிகளிலிருந்து வருகிற தண்ணீர் அந்த இடத்தில் நூறடிக்கும் மேல் இறங்குகிறது. சுற்றிலும் ஸ்புரூஸ் மரக் காடு. வெட்டிய மரத்தை ஆறே சுமந்து வரும். தண்டவாளம் ஏற்கெனவே பக்கத்தில் கிடக்கிறது. காகித ஆலைக்கு வேறென்ன வேண்டும்? காகிதத் தொழிலில் கைதேர்ந்த கேரட் ஷெங்க் முதலாளிகளைத் திரட்டினார். கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனி பிறந்தது. 1899இல் கட்டட வேலை தொடங்கியது. கல் சுமக்கவும் கால்வாய் வெட்டவும் இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு லிட்டில் இத்தாலி என்றே பெயர் நிலைத்தது. ஒவ்வொரு செங்கல்லும், சிமென்ட் பீப்பாயும், காகித இயந்திரங்களின் பிரம்மாண்ட உருளைகளும் ரயிலில்தான் வந்து இறங்கின. 1900 கடைசியில் காகிதம் ஓடத் தொடங்கியது. ஊர் என்று சட்டப்படி பதிவானது 1901இல். காடாகக் கிடந்த இடத்தில் இரண்டே வருடத்தில் தெருவும் வீடும் கடையும் முளைத்ததால் ‘மேஜிக் சிட்டி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அது உலகின் மிகப்பெரிய காகித ஆலைகளில் ஒன்று.

ரயில் கம்பெனிக்கு இது எதிர்பாராத யோகம். உருளைக்கிழங்கு குளிர்காலச் சரக்கு. காகிதமோ வருடம் முழுக்க ஓடும். 1905இல் தெற்கே சியர்ஸ்போர்ட் துறைமுகம்வரை பாதையை நீட்டினார்கள். கப்பலில் நிலக்கரி வந்து வடக்கே ஏறியது; காகிதம் தெற்கே இறங்கியது. ஆலையும் சும்மா இருக்கவில்லை. 1907இல் சில மைல் தள்ளி ஈஸ்ட் மில்லினாக்கெட்டில் இரண்டாவது ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அமெரிக்கப் பத்திரிகைகளின் பெரும் பசியில் ஒரு பங்கை இந்த இரண்டு ஆலைகளும் இந்த ஒரு ரயில் பாதையும்தான் ஆற்றின.

பெட்டிக்குள் காகிதம் ஏறிய விதம்

காகிதம் ஏற்றும் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணம். செய்கிறவர்களுக்குத்தான் அதன் நுணுக்கம் தெரியும். அச்சகத்துக்குப் போகிற நியூஸ்பிரிண்ட் ரீல் ஒவ்வொன்றும் முக்கால் டன், ஒரு டன் என்று இருக்கும். அதன் விளிம்பில் விரல்கடை நீளத்துக்கு ஒரு கிழிசல் விழுந்தால் போதும்; அச்சு இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது அந்த இடத்தில் தாள் அறுந்துவிடும். இயந்திரத்தை நிறுத்தி, தாளைத் திரும்ப மாட்டி ஓட்டுவதற்குள் காலைப் பதிப்பு தாமதமாகும். ஆகவே மில்லினாக்கெட்டில் ஒரு பெட்டியின் பலகைத் தரையில் தலைதூக்கி நிற்கிற ஆணி, பாஸ்டனில் ஓர் ஆசிரியரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

அதனால் காலிப் பெட்டி வந்ததும் முதல் வேலை ஆராய்ச்சி. ஒருவர் உள்ளே ஏறி நின்று கதவை இழுத்து மூடச் சொல்வார். இருட்டில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா? தெரிந்தால் கூரை ஒழுகும்; பெட்டி தள்ளுபடி. முந்தைய சரக்கின் வாடை அடிக்கிறதா? ரசாயனமோ தோலோ ஏற்றிய பெட்டியில் காகிதம் ஏற்ற முடியாது. தரையைப் பெருக்கி, நீட்டிக்கொண்டிருக்கிற ஆணிகளைப் பிடுங்கி, சிலாம்பு கிளம்பிய பலகையைச் செதுக்கி, சுவரோரம் தடித்த அட்டை விரிப்பார்கள். பிறகு ரீல்களை நட்டுக்குத்தலாக ஒன்றையொன்று ஒட்டி அடுக்குவார்கள். கவ்விப் பிடிக்கிற வண்டிகள் வந்த பிறகு இந்த வேலை சுலபமானது. அதற்கு முன்னால் மனிதக் கைகளும் தள்ளுவண்டியும்தான். நடுவில் இடைவெளி விட்டால் வழியில் ரீல் ஆடி ஒன்றோடொன்று உரசும். அந்த இடைவெளிகளில் பிற்காலத்தில் காற்றுப் பைகளைச் சொருகி ஊதினார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது. யார்டில் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று மோதித்தான் கோப்பார்கள். இன்ஜின் டிரைவர் கை கொஞ்சம் வேகமாகப் போனால் உள்ளே அடுக்கியது எல்லாம் சரியும். அதனால் அடிச்சட்டத்தில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வைத்த பெட்டிகளைக் காகிதத்துக்கென்று தனியாகவே வைத்துக்கொண்டார்கள். நல்ல ஷன்டிங் டிரைவருக்கு ஊரில் மரியாதை இருந்தது. மெதுவாகத் தொட்டுக் கோக்கிற கை என்று பெயர் எடுப்பது லேசான காரியமா?

ஏற்றி முடித்த பெட்டியை ஆலையின் ஷன்டிங் இன்ஜின் வெளியே இழுத்து வந்து வரிசையில் விடும். எழுபது டன் சரக்கு ஒன்றன்பின் ஒன்றாக. எதிர்த் திசையில் வருவது இதைவிட வண்ணமயம்: எண்ணெய் டாங்கர், கந்தகம், ஸ்டார்ச், பிற்காலத்தில் பளபளப்புத் தாளுக்காக ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த வெள்ளைக் களிமண். காலிப் பெட்டிகளோ அமெரிக்கா, கனடாவின் எல்லா ரயில் கம்பெனிகளுக்கும் சொந்தமானவை. பசிபிக் கரையோரத்துப் பெட்டி ஒன்று மில்லினாக்கெட் பனியில் நின்றுகொண்டிருக்கும். ரயில் பிரியர்கள் ஏன் ஒரு பேப்பர் மில் ஊரைத் தேடி வந்து குளிரில் கேமராவோடு நின்றார்கள் என்பதற்கு இதுவே பாதி விடை. ஒரே தண்டவாளத்தில் ஒரு கண்டம் முழுவதையும் பார்க்கலாம்.

மீதிப் பாதி, இன்ஜின்கள். நீராவி இன்ஜின்களைச் சீக்கிரமே ஓய்வுக்கு அனுப்பிவிட்டு டீசலுக்கு மாறிய கம்பெனி இது. வாங்கியதை எளிதில் விடாது. ஊர் ஊராக நின்று பெட்டிகளைக் கழற்றி மாட்டுகிற வேலைக்கென்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நாற்பதுகளின் கடைசியில் பி.எல்.2 என்ற இன்ஜினைச் செய்து பார்த்தது. விசித்திரமான முகவெட்டு. அறுபதுகூடச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். மற்ற கம்பெனிகள் கழித்துக் கட்டிய பிறகும் அரூஸ்டூக்கில் அவை எண்பதுகள்வரை உழைத்தன. சிக்கனம் அந்தக் கம்பெனியின் ரத்தத்தில் இருந்தது. உருளைக்கிழங்கு சீசன் முடிந்து கோடையில் இன்ஜின்கள் சும்மா நிற்குமே என்று, ஐம்பதுகளில் அவற்றைப் பென்சில்வேனியா ரயில்வேக்கு வாடகைக்கு அனுப்பினார்கள். குளிர் வந்ததும் திரும்பி வந்துவிடும்.

ஊரின் விலை

பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கு இறங்குகிற இரவுகளில் இந்த வேலை எப்படி நடந்திருக்கும்? பாயிண்டுகளில் பனி உறையும். வெட்டி எடுக்க வேண்டும். குளிரில் ரப்பர் இணைப்புகள் இறுகிக் காற்று கசியும்; பிரேக் குழாயில் அழுத்தம் ஏறாது. ஆகவே வண்டியின் நீளத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பெட்டியின் மேல் ஏறி நின்று கைபிரேக் சக்கரத்தைத் திருகுகிறவருக்குக் காலடியில் பனிக்கட்டி. ஆலை ஓடத் தொடங்கிய அதே 1900ஆம் ஆண்டில்தான், பெட்டிகளைத் தானாகக் கோத்துக்கொள்ளும் கப்ளிங் எல்லா ரயில்களிலும் இருந்தாக வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் விரல் போகாத பிரேக்மேனைப் பார்ப்பது அரிது என்பார்கள்.

ஆறும் விலை கொடுத்தது. மரத்தைக் கந்தக ரசாயனத்தில் வேகவைத்து எடுத்த கழிவு பல பத்தாண்டுகள் பெனாப்ஸ்காட்டில் கலந்தது. கீழே அந்த நதியின் பெயரைத் தாங்கிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த தண்ணீர் அது. ஆலை வாடை ஊருக்குள் வீசும்போது அது பணத்தின் வாசனை என்று காகித ஊர்களில் சொல்வார்கள். சம்பளம் வாங்கியவர்கள் சொன்ன சொல் அது. ஆற்றோரத்தில் இருந்தவர்களுக்குச் சம்பளம் வரவில்லை. அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் சம்பளம் நிஜம். காகிதக் கம்பெனி கொழித்த நாளில் நாலாயிரம் பேருக்கு வேலை. 1970 கணக்கெடுப்பில் மில்லினாக்கெட்டின் மக்கள்தொகை 7,700ஐத் தாண்டியது. பள்ளிக்கூடத்தை முடித்த பையன் அடுத்த வாரமே ஆலைக்குள் போகலாம், அல்லது ரயிலில் சேரலாம். இரண்டிலும் வீடு கட்டி, படகு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற அளவுக்கு வரும். ஷிப்ட் மாறுகிற சங்கும் சரக்கு வண்டியின் ஹாரனும் ஊருக்குக் கடிகாரம். பயணிகள் ரயில் 1961லேயே நின்றுபோனது. ‘அரூஸ்டூக் ஃப்ளையர்’ என்ற பெயர் இப்போது பழைய கால அட்டவணைகளில்தான் இருக்கிறது. அதற்காக யாரும் பெரிதாக அழவில்லை. ஊரை வாழவைத்தது சரக்கு வண்டி என்பது எல்லோருக்கும் தெரியும்.

காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் இரண்டு இன்ஜின்கள்

மில்லினாக்கெட்டுக்கு வடமேற்கே, அலகாஷ் காட்டுக்குள், ஈகிள் ஏரிக் கரையில் இரண்டு நீராவி இன்ஜின்கள் நிற்கின்றன. பக்கத்தில் ரயில் ஓடுகிற பாதையும் இல்லை, சாலையும் இல்லை. படகில் போகலாம், நடந்து போகலாம், குளிர்காலத்தில் பனிவண்டியில் போகலாம். சுற்றிலும் மரங்கள் ஓங்கி வளர்ந்துவிட்டன. கொதிகலனைச் சுற்றியிருந்த தகடுகள் கழன்று உள்ளே குழாய்கள் தெரிகின்றன. சக்கரங்கள் மண்ணோடு. முதல்முறை பார்க்கிறவர்கள், இதை யார், எப்படி, எதற்காக இங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்று திகைத்துத்தான் போவார்கள்.

விடை காகிதம். ஈகிள் ஏரிப் பக்கத்துத் தண்ணீர் வடக்கு நோக்கி, கனடா பக்கம் ஓடுகிறது. வெட்டிய மரத்தை ஆற்றில் விட்டால் அடுத்த நாட்டுக்குப் போய்விடும். கிரேட் நார்தர்ன் ஆலையோ தெற்கே. மரத்தை ஒரு நீர்ப்பிடிப்பிலிருந்து எடுத்து மேட்டைத் தாண்டி இன்னொன்றில் போட்டாக வேண்டும். அதற்காக எதுவார் லக்ருவா என்ற கியூபெக் ஒப்பந்ததாரர் 1926, 27இல் பதின்மூன்று மைல் ரயில் பாதை போட்டார். வெளியுலகத்து எந்த ரயிலோடும் சேராத பாதை. இன்ஜின்களைக் கியூபெக் எல்லையிலிருந்து குளிர்காலத்தில், உறைந்த ஏரிகளின் மேலும் காட்டுப் பாதையிலும், லம்பார்டு இழுவை வண்டிகளைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

அந்த லம்பார்டு பற்றி ஒரு வார்த்தை. மெய்ன் மாநிலத்து வாட்டர்வில்லில் ஆல்வின் லம்பார்டு என்பவர் மரம் இழுக்கச் செய்த நீராவி வண்டி அது. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் சங்கிலிப் பட்டை. 1901இல் காப்புரிமை பெற்றார். இன்றைய புல்டோசருக்கும் ராணுவ டாங்கிக்கும் உள்ள பட்டைச் சக்கரத்தின் முன்னோடிகளில் ஒன்று, பனியில் மரம் இழுப்பதற்காக இந்தக் காட்டில்தான் வளர்ந்தது.

ஈகிள் ஏரி ரயில் வாரத்துக்கு 6,500 கார்டு மரத்தை உம்பசூக்ஸஸ் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டியது. நாலடி நீளம், நாலடி உயரம், எட்டடி அகலம் என்று அடுக்கினால் ஒரு கார்டு. 1933 வாக்கில் வேலை முடிந்தது. காகித விலை விழுந்த காலம். இன்ஜின்களை வெளியே கொண்டுவர ஆகும் செலவு அவற்றின் விலையைவிட அதிகம். ஷெட்டில் நிறுத்திப் பூட்டினார்கள். 1969இல் ஷெட் எரிந்துபோக, இன்ஜின்கள் மட்டும் வெட்டவெளியில் நின்றன. சாய ஆரம்பித்தவற்றைத் தொண்ணூறுகளில் தன்னார்வலர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி நிமிர்த்தினார்கள். யாருக்கும் கூலி இல்லை. தாத்தா செய்த வேலையின் சாட்சி மண்ணுக்குள் போகக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் அவர்களை இரும்போடும் கட்டைகளோடும் அந்தக் காட்டுக்குள் அழைத்துப் போயிருக்கும்.

நூல் அறுந்தது எங்கே

ரயிலின் முதல் காலை ஒடித்தது வேறொரு ரயில். 1968இல் பென்சில்வேனியாவும் நியூயார்க் சென்ட்ரலும் இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. இரண்டு ராட்சசர்களின் கணக்கும் கணினியும் யார்டும் ஒத்துப்போகவில்லை. வேகன்கள் நாள்கணக்கில் காணாமல் போயின. 1969, 70 குளிர்காலத்தில் மெய்ன் உருளைக்கிழங்கு வழியில் சிக்கி வீணானது. அரூஸ்டூக் கம்பெனி தன் எல்லைக்குள் ஒழுங்காகத்தான் ஓட்டியது. ஆனால் ஒற்றை வேகன் ரயில் என்பது ஒரு சங்கிலி. அடுத்த கம்பெனியின் யார்டில் வண்டி நின்றால் விவசாயிக்கு நஷ்டம் நஷ்டம்தான். 1970 ஜூனில் பென் சென்ட்ரல் திவாலானது. உருளைக்கிழங்குக்காரர்கள் அதற்குள் லாரிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

காகிதம் மட்டும் மிஞ்சியது. 1971இல் மேற்குக் கிளையில் மரம் மிதக்கவிடுவதும் நின்றது. ஆற்றை நம்பியிருந்த மரம் ரயிலுக்கு வந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிரேட் நார்தர்ன் காட்டுக்குள் தன் சொந்தச் செலவில் ‘கோல்டன் ரோடு’ என்ற லாரிப் பாதையைப் போட்டது. உள்ளே வருகிற மரமும் லாரியில், மெல்ல மெல்ல வெளியே போகிற காகிதமும் நெடுஞ்சாலையில். நெடுஞ்சாலைக்கு அரசு பணம் போட்டது. தண்டவாளத்துக்கு ரயில் கம்பெனி தன் கைப்பணத்தைப் போட்டது. இந்தப் போட்டி சமமான போட்டி இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

ஆலைப் பக்கமும் கதை சரியில்லை. 1990இல் ஜார்ஜியா-பசிபிக் கம்பெனி, கிரேட் நார்தர்னை அதன் விருப்பத்துக்கு மாறாகவே பங்குச் சந்தையில் வளைத்துப் பிடித்தது. பிறகு பவாட்டர். 1999இல் இன்னெக்ஸ்கான். 2003 ஜனவரியில் திவால். அதே வருடம் பிராஸ்கன். பதின்மூன்று வருடத்தில் நாலு கை மாறிய ஆலையில் புது இயந்திரத்துக்கு யார் பணம் போடுவார்கள்? பேங்கர் அண்ட் அரூஸ்டூக்கும் திவாலாகி, அதே 2003 ஜனவரியில் மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்ற புதுக் கம்பெனியின் கைக்குப் போனது. நூற்றாண்டுக்கும் மேல் நின்ற பெயர் அத்தோடு பெட்டிகளின் மேல் உதிர்கிற வர்ணமாக மட்டும் மிஞ்சியது. செய்தித்தாள்கள் இணையத்தால் சுருங்கிய காலம் அது. 2008இல் மில்லினாக்கெட் ஆலை நின்றது. ஈஸ்ட் மில்லினாக்கெட் ஆலை நின்று, ஓடி, 2014இல் மொத்தமாக மூடியது.

இதன் அடுத்த அத்தியாயத்தை எழுத மனம் கனக்கிறது. காகிதச் சரக்கு போனதும் புது ரயில் கம்பெனி செலவைக் குறைத்துக்கொண்டே வந்தது. வடக்கு டகோட்டாவின் கச்சா எண்ணெயை நியூபிரன்ஸ்விக் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோகிற சரக்கு வந்தபோது ஆவலாக எடுத்துக்கொண்டது. நீண்ட டாங்கர் வண்டிக்கு ஒரே ஒரு ஆள். 2013 ஜூலை 6 அதிகாலையில், கியூபெக்கில் மேட்டில் நிறுத்தியிருந்த 72 டாங்கர் வண்டி ஆளில்லாமல் தானாக உருண்டு லாக்-மெகான்டிக் ஊரின் நடுவில் கவிழ்ந்து வெடித்தது. 47 உயிர்கள். இந்த ரயிலைப் பற்றி யார் நினைத்துப் பார்த்தாலும் அந்த 47 பேரையும் நினைக்க வேண்டும். ஒரு வேகனைக் கழற்றி மாட்ட ஐந்து பேர் கூடிச் செய்த வேலைக்கும், நள்ளிரவில் எழுபது டாங்கரை ஒரே ஆள் தனியாக நிறுத்திவிட்டுப் போனதற்கும் நடுவே இருக்கிற தூரத்தைக் காலமாற்றம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியாது. ஆட்களைக் குறைத்தது யாரோ உட்கார்ந்து எடுத்த முடிவு.

விலைக்கு வாங்கிய பாதை

மில்லினாக்கெட்டில் இப்போது 4,100 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆலை நின்ற இடத்தை 2017இல் ஊர்க்காரர்கள் நடத்துகிற ‘அவர் கட்டாடின்’ அமைப்பு ஒரு டாலருக்கு வாங்கியது. கூடவே பழைய வரிப் பாக்கியும் தலையில் ஏறியது. அந்த இடத்துக்குப் புதிய தொழில்களைக் கொண்டுவர முயல்கிறார்கள். பக்கத்துக் காடு 2016இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, மலையேறுகிறவர்களும் படகோட்டிகளும் வருகிறார்கள். ஓக்ஃபீல்டில் பழைய ஸ்டேஷன் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, கம்பெனியின் விளக்குகளையும் பலகைகளையும் புகைப்படங்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அருங்காட்சியகம் தேவைதான். ஆனால் இந்த ஏக்கத்தால் நடந்த பெரிய காரியம் வேறு. மில்லினாக்கெட்டுக்கு வடக்கே போகிற பாதை கட்டுபடியாகவில்லை, மூடப்போகிறோம் என்று 2010இல் ரயில் கம்பெனி கைவிரித்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்பு விலைக்கு விற்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். வடக்கே மரப்பலகை ஆலைகள் இருக்கின்றன. எல்லையோரம் மடவாஸ்காவில் ஒரு காகித ஆலை இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் எட்மண்ட்ஸ்டனில் கூழ் தயாராகி, குழாய் வழியாக எல்லை தாண்டி இங்கே வந்து காகிதமாகிறது. ரயில் போனால் அவையும் போய்விடும் என்று மக்களுக்குத் தெரியும். மில்லினாக்கெட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே.

சாலை, துறைமுகச் செலவுகளோடு ரயில் பாதைக்கும் கடன் வாங்கலாமா என்ற கேள்வியை அந்த ஜூனில் மெய்ன் வாக்காளர்கள் முன் வைத்தார்கள். ஆகட்டும் என்று வாக்களித்தார்கள். மத்திய அரசின் பணமும் சேர, 233 மைல் பாதையை 2 கோடியே 1 லட்சம் டாலருக்கு மாநிலமே வாங்கியது. நெடுஞ்சாலை பொதுச் சொத்தாக இருக்கலாம் என்றால் தண்டவாளமும் இருக்கலாம் என்பதை ஒரு சின்ன மாநிலம் வாக்குச்சீட்டில் எழுதிக் காட்டியது. 2011 முதல் இர்விங் குழுமத்தின் மெய்ன் நார்தர்ன் ரயில்வே அங்கே வண்டி ஓட்டுகிறது. மடவாஸ்கா காகிதமும் வடக்குக் காட்டுப் பலகையும் மில்லினாக்கெட் யார்டைத் தாண்டித் தெற்கே பிரௌன்வில் ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து வெளியூர் ரயில்களில் ஏறுகின்றன.